சுப்பண்ணன் காட்டில் விளைந்த மின்சாரம்

எங்கள் ஊரில் மின்சாரம் தேவைக்கு மேல் விளைகிறது என்ற செய்தி ஒரு மின்வெட்டின்போதுதான் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

என் தையல் யூனிட்டில் மெஷின்கள் நின்றுபோய், டெய்லர்கள் எல்லாரும் அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் ஆனால் இது வழக்கம். ஊருக்கு இருப்பது ஒரே ஒரு கிழட்டு டிரான்ஸ்பார்மர். தறிகள், தையல் மெஷின்கள், போர்வெல் மோட்டார்கள் என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டி வைத்திருக்கிறோம். வெயில் ஏறினால் அது ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் ஊரின் பழைய விவசாயி சுப்பண்ணன் கழுத்தில் சரிகை போட்ட பொன்னாடையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்.

"என்னங்ணா, இந்த வயசுல மாப்பிள்ளைக் கோலம்?" என்றேன்.

"அட நீ வேற, கதிரு. எனக்கே ஒண்ணும் புரியல. புது டிரான்ஸ்பார்மர் விசயமாத்தான் கூப்புடறாங்கன்னு போனேன். மேடையில ஏத்தி உட்டு இதையப் போத்தி உட்டுட்டாங்க. கேடயம் வேற குடுத்துருக்கறாங்க."

கேடயத்தை வாங்கிப் பார்த்தேன். 'முன்னோடி சூரிய மின் உற்பத்தியாளர்' என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்து சுப்பண்ணனிடம் சொந்தமாக இருக்கும் மின்சாரம் அவருடைய டார்ச் லைட்டுக்குள் இருப்பது மட்டும்தான்.

விஷயம் இதுதான். 'ஊரக மரபுசாரா எரிசக்தி இடஞ்சார் திட்டமிடல் மையம்' என்று ஓர் அலுவலகம் புதிதாகத் திறந்திருந்தார்கள். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மீட்டர் துணி தைத்துவிடலாம் என்பதால் நாங்கள் அதை மேப் ஆபீஸ் என்போம். வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் வெயில், காற்று, மேடு, பள்ளம், ரோடு, மின்கம்பி என்று ஒவ்வொன்றாக அடுக்கி, எந்த ஊரில் சோலார் போடலாம், எங்கே காற்றாலை நிற்கும், எந்த ஊருக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று கம்ப்யூட்டரைக் கணக்குப் போடச் சொல்வார்கள். யோசனை நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். எங்கே வெயில் அதிகம் என்று எங்கள் ஊர் ஆட்டுக்குட்டியைக் கேட்டால் வேலமர நிழலில் நின்றபடியே சொல்லிவிடும். ஆனால் ஆட்டுக்குட்டி சொன்னால் அரசாங்கம் நிதி ஒதுக்காதே.

சுப்பண்ணன் காட்டில் போர் வற்றிய பிறகு வெள்ளாமை இல்லை. அதைத் துணி காயப்போடும் களமாக மாற்றிக்கொண்டார். உலர்த்தும் டிரையர் இல்லாத சின்னச் சின்னச் சாயப் பட்டறைகளிலிருந்து ஈரத் துணி வந்து இறங்கும். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த முத்துப்பேச்சியும் இன்னும் சில பெண்களும் அதை நீளநீளமாக வெட்டி, வரிசையாக விரித்து, திருப்பிப் போட நடுவில் நடைவழி விடுவார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற காலம் வந்தால் யூனிபார்ம் துணிதான். காடு முழுக்கக் கருநீலமாகக் கிடக்கும். அப்படிக் கிடந்த ஒரு நாளில் செயற்கைக்கோள் எங்கள் ஊர் மேலே போயிருக்கிறது. கீழே பார்த்திருக்கிறது. சோலார் பண்ணை என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

பொன்னாடையோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அடுத்த வாரம் புது டிரான்ஸ்பார்மரை ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஊர் எல்லையில் நின்றது. டிரைவருக்கு ஒரு போன் வந்தது. லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எத்தனையோ வருடம் அலைந்து வாங்கிய உத்தரவு, அடித்தளம்கூடப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காய்ந்து கிடந்தது. விசாரித்தால், எங்கள் ஊர் இப்போது 'உபரி மின் கிராமம்' என்கிறார்கள். உபரி கிராமத்துக்கு டிரான்ஸ்பார்மர் எதற்கு?

ஊர் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் சுப்பண்ணன் நுழைந்தால் பேச்சு நின்றது. "கரண்டையெல்லாம் எங்கீங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க?" என்று தறிக்காரர் ஒருவர் கேட்டே விட்டார். சுப்பண்ணனுடைய சொந்தப் பங்காளியே, பேட்டரி இருக்கிறதா என்று மாட்டுக் கொட்டகையில் வைக்கோலைப் புரட்டிப் பார்த்தார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று எவனோ சொன்னால் கேட்கிறவனுக்குப் புத்தி வேண்டாமா? ஆனால் சொன்னது கம்ப்யூட்டர். எங்கள் ஆட்கள் மனுஷனை நம்ப மாட்டார்கள், பிரிண்ட் அவுட்டை நம்புவார்கள்.

"கதிரு, என்றகூட ஒருக்கா வா. நான் சொன்னா அவங்களுக்கு ஏறமாட்டேங்குது" என்று சுப்பண்ணன் என்னை மேப் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே நல்ல குளிர். தரணி என்கிற இளம் வரைபட நிபுணர் பெரிய திரையில் எங்கள் ஊரைப் பெரிதாக்கிக் காட்டினார். மரியாதையான பையன், பொய் சொல்லத் தெரியாத முகம்.

"பாருங்க சார், வரிசை வரிசையா இருக்கு. நடுவுல பராமரிப்புப் பாதை. நிறம், அளவு எல்லாம் பொருந்துது. சோலார் பேனல்னு எங்க கம்ப்யூட்டர் மாடல் அடிச்சுச் சொல்லுது."

"கண்ணு, அது ஸ்கூல் பசங்க துணி. காயப்போட்டிருக்குது. நடுவுல இருக்கறது எங்க பொம்பளைங்க நடக்கற வழி" என்றார் சுப்பண்ணன்.

"எங்க மாடல் நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியா இருக்கும் சார்."

"அந்த மிச்சம் மூணு?" என்றேன்.

"அது மத்த ஊர்கள்ல சார்."

"சாமி, ஒருக்கா நேர்ல வந்து பாத்துட்டுப் போயிருங்களேன். ஊட்டுல சோறு திங்கலாம்" என்று சுப்பண்ணன் கெஞ்சினார். தரணி சங்கடத்தோடு எங்களை இயக்குநர் அறைக்கு அனுப்பினார்.

இயக்குநர் அனுசுயா அம்மையார் எங்களை உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். குறையே சொல்ல முடியாத உபசாரம்.

"ஐயா, கள ஆய்வு செய்யலைன்னு நீங்க நினைக்கிறீங்க. செய்திருக்கோம். இன்னொரு செயற்கைக்கோளை வெச்சு செய்திருக்கோம். ஒரு ஊரைச் சரியாப் புரிஞ்சுக்கணும்னா அந்த ஊருக்குப் போகக் கூடாது. போனா அங்க இருக்கிறவங்க பேச ஆரம்பிச்சிடுவாங்க. ஒருத்தர் ரோடு கேட்பார், ஒருத்தர் தண்ணி கேட்பார். டேட்டா கெட்டுப்போகும். இவ்வளவு செலவு பண்ணி நாங்க மாடல் செய்ததே ஊர்க்காரங்களைத் தொந்தரவு பண்ணாம ஊருக்கு நல்லது செய்யத்தான்."

"அப்ப அது துணீங்கறதை நான் யாருகிட்டச் சொல்றதுங்க?" என்றார் சுப்பண்ணன்.

"உங்க பணிவு எனக்குப் பிடிச்சிருக்கு" என்று அம்மையார் எழுந்து கைகூப்பினார்.

வெளியே வந்ததும் சுப்பண்ணனுக்கு ஒரு யோசனை. துணியால் வந்த வினைதானே, துணியை எடுத்துவிட்டால்? ஊருக்கு வந்த கையோடு காட்டைச் சுத்தமாகக் காலி செய்தார். செம்மண் தரை பளிச்சென்று தெரிந்தது. செயற்கைக்கோள் போகும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று கயிற்றுக் கட்டிலைப் போட்டு நடுவில் படுத்தும் கொண்டார்.

பார்த்துக்கொண்டது. நோட்டீஸ் வந்தது. அனுமதியில்லாமல் சூரிய மின் நிலையத்தைக் கழற்றிய குற்றத்துக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, இவரால் மாவட்டம் தரவரிசையில் கீழே இறங்கிவிட்டது, சோலார் தகடுகளை உடனடியாக மீண்டும் நிறுவ வேண்டும் என்று. சுப்பண்ணன் உடனே துணி தேடி ஓடினார். போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காத குடும்பம்.

நீலத் துணி, வந்த பட்டறைக்கே திரும்பிப் போய்விட்டது. கைக்குக் கிடைத்தது வெளுத்த பனியன் துணிதான். அவசரத்துக்கு அதை விரித்தார். காடு வெள்ளைவெளேரென்று ஆனது. அதற்கும் ஒரு கடிதம் வந்தது. கடலே இல்லாத எங்கள் ஊரில் அனுமதியின்றி உப்பளம் நடத்துவது பற்றி விளக்கம் கேட்டிருந்தார்கள்.

முத்துப்பேச்சி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ அண்ணாச்சி, உப்பளத்துல கெடந்து காலெல்லாம் புண்ணாயி, இனி உப்பு மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாதுன்னுதானே இம்புட்டுத் தூரம் ஓடி வந்தோம். இங்கயும் உப்பளத்தக் கொண்டாந்துட்டாவளே! வெளங்குவாவளா இவுக?"

அப்புறம் வேறு வழி? ஊரூராக அலைந்து கருநீலத் துணியாகப் பார்த்து வேலை பிடித்து வந்தார் சுப்பண்ணன். காய்ந்த துணியைக்கூட சட்டென்று எடுக்கப் பயம். ஒரு வரிசையைச் சுருட்டிக்கொண்டு முத்துப்பேச்சி முன்னால் போனால், பின்னாலேயே இன்னொருத்தி ஈரத் துணியை விரித்துக்கொண்டு போக வேண்டும். காடு ஒரு நிமிஷம்கூடச் சும்மா கிடக்கக் கூடாது. எடுக்கப் பயந்து விட்டுவைத்த ஒரு லாட் துணி வெயிலில் வெளிறிப்போய், பட்டறைக்காரர் வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். அந்த மாதம் மேப் ஆபீசிலிருந்து வந்த தகவலில், தகடுகளின் திறன் சற்றுக் குறைந்திருப்பதாகவும் துடைத்துப் பராமரிக்குமாறும் சொல்லியிருந்தார்கள். அதுவும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள் பாருங்கள். இந்தக் கூர்மையை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது!

ஊர் இன்னமும் இருட்டில்தான் இருந்தது. என் யூனிட்டில் ஒரு ஆர்டர் கைநழுவியது. பக்கத்து வீதியில் தறியை நிறுத்திவிட்டு ஒரு குடும்பம் நல்லூருக்குக் கூலிக்குப் போனது. போகும்போது அந்த வீட்டுக்காரர் சுப்பண்ணன் வீட்டு வாசலில் நின்று, "நல்லா இருங்க, நீங்க மட்டும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு சுப்பண்ணன் சாப்பிடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கேடயத்தை எடுத்துக் கிணற்றில் போட்டிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் மேப் ஆபீஸே எங்கள் ஊருக்கு வந்தது. சரிபார்க்க அல்ல, போட்டோ எடுக்க. மற்ற மாவட்டங்களுக்கு முன்மாதிரி என்று புத்தகம் போடுகிறார்களாம். கார்கள் வரிசையாக வந்து நின்றன. அம்மையார் குடையோடு இறங்கினார், பின்னால் தரணி, அதற்குப் பின்னால் வல்லுநர்கள், எல்லாருக்கும் பின்னால் ஊரே திரண்டு வந்தது.

அம்மையார் நடைவழியில் கம்பீரமாக நடந்தார். ஓரிடத்தில் குனிந்து தொட்டுப் பார்த்தார். கை ஈரமானது. ஒரு நுனியைத் தூக்கினார், அது வளைந்து வந்தது.

"ஓ, வளையக்கூடிய தகடு! புதுத் தொழில்நுட்பமா?"

"ஆமாம்மா" என்றாள் முத்துப்பேச்சி. "வளைக்கலாம், மடிக்கலாம், தொவைக்கலாம். தைச்சா பிள்ளையளுக்கு நிக்கரும் போடலாம்."

தரணி ஓடி வந்து துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "மேடம், இது... துணி மேடம்" என்றார்.

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். சுப்பண்ணன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதையத்தானுங்க நான் அன்னீல இருந்து சொல்லீட்டிருக்கறேன்" என்றார்.

அம்மையார் கலங்கவில்லை. பெரிய பதவிக்கு வந்தவர்கள் சும்மா வந்துவிடவில்லை.

"தரணி, நீங்க இன்னும் கத்துக்கணும். இந்த ஊரை வெச்சு ஒரு அறிக்கை போயிருக்கு. அந்த அறிக்கையை வெச்சு மேல ஒரு அறிக்கை போயிருக்கு. அதை வெச்சு அஞ்சு மாவட்டத்துக்குத் திட்டம் போட்டாச்சு. இது துணின்னா, அதெல்லாம் என்ன?"

"கந்தத் துணி" என்று முத்துப்பேச்சி முணுமுணுத்தாள்.

அம்மையார் சுப்பண்ணன் பக்கம் திரும்பினார். "ஐயா, இந்தத் துணி எதனால காயுது?"

"வெயில்லதானுங்க."

"வெயில் எங்கிருந்து வருது?"

"சூரியன்ல இருந்துதானுங்களே வரும்?"

"அப்ப இது சூரிய சக்தி! இதையே டிரையர்ல போட்டா எவ்வளவு மின்சாரம் ஆகும்? அவ்வளவும் இங்க மிச்சம். மிச்சம் பிடிச்சதும் உற்பத்தி பண்ணதும் ஒண்ணுதான். நாமதான் துணின்னு மேலோட்டமாப் பார்த்துட்டோம் தரணி. மாடல் நம்மைவிட ஆழமாப் பார்த்திருக்கு!"

வல்லுநர்கள் கைதட்டினார்கள். இதைச் சொல்லியாக வேண்டும், எங்கள் ஊர்க்காரர்கள் சிலரும் தட்டினார்கள்.

"அப்ப எங்க டிரான்ஸ்பார்மருங்க?" என்றார் சுப்பண்ணன்.

"உபரி கிராமத்துக்கு எதுக்குங்க ஐயா?"

அன்றைக்குத்தான் சுப்பண்ணன் சத்தம் போட்டுப் பார்த்தேன். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். அவருடைய காடே கொள்ளவில்லை.

"ஏனுங்க அம்மிணி, ஊருல ஒருத்தர் மூஞ்சியில என்னால முழிக்க முடியல. கரண்டுத் திருடன்னு என்ற பங்காளியே பேசறான். தறியை நிறுத்திப்போட்டு சனங்க கூலிக்குப் போறாங்க. நீங்க என்னன்னா விளையுது விளையுதுங்கறீங்க. செரி, விளையுதுன்னே வெச்சுக்குவோம். விளைஞ்சதையக் கோணிப்பையில கட்டி முதுகுல தூக்கிட்டுப் போய் சந்தையில விக்கறதுங்களா? அதைய வெளிய அனுப்பறதுக்காச்சும் ஒரு டிரான்ஸ்பார்மர் வேணுமா, வேண்டாமா? சொல்லுங்க!"

அம்மையார் கண்கள் விரிந்தன. வல்லுநர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெளியேற்றக் கட்டமைப்பு!" என்றார் அம்மையார், சாமி வந்தவர்போல. "இவ்வளவு பெரிய நிலையத்துக்கு வெளியேற்றக் கட்டமைப்பே இல்லையா? எவ்வளவு பெரிய குறை! தரணி, உடனே எழுதுங்க. கேட்டதைவிடப் பெரிசாவே போடுங்க."

"நான் கோவத்துல சொன்னனுங்க..." என்று சுப்பண்ணன் ஆரம்பித்தார். நான் அவர் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

"ஆமாங்க மேடம், நெம்ப அவசரமுங்க" என்றேன்.

ஒரு கையெழுத்துதான் வேண்டும் என்றார்கள். என் நிலத்தில் சூரிய மின்சாரம் விளைகிறது, வெளியே அனுப்ப வழியில்லாமல் வீணாகிறது என்று. சுப்பண்ணன் பேனாவை வாங்கவே இல்லை. என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"பொய்யி, கதிரு. என்ற அப்பன் மாட்டுச் சந்தையில வயசுக்குப் பாக்கற பல்லைக்கூடக் கூட்டிக் கொறைச்சுச் சொன்னதில்ல. இத்தனை நாளா நெசத்தைச் சொல்லிச் சொல்லித்தான நாயாட்டம் அலைஞ்சேன். இப்பப் போய்..."

"நெசத்தைச் சொல்லி என்னங்ணா வந்துச்சு?"

அவர் திரும்பிப் பார்த்தார். வேலியோரம் என் டெய்லர்கள், தறிக்காரர்கள், மாட்டுக் கொட்டகையைப் புரட்டிய பங்காளி எல்லாரும் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் போடு என்று சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. சுப்பண்ணன் போய்க் கையெழுத்துப் போட்டார். போடும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. பொன்னாடை போர்த்தியபோது வராத கூச்சம் அப்போது அவர் முகத்தில் இருந்தது.

கிளம்பும்போது தரணி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அண்ணா, இங்க நிஜமாவே அருமையான வெயில். நிஜப் பேனலே போட்டா ஊருக்கு நல்லா உதவும்."

"போட்டுக் குடுங்களேன் தம்பி."

"முடியாதுண்ணா. மேப்புல ஏற்கெனவே போட்டாச்சே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

டிரான்ஸ்பார்மர் வந்தது. நாங்கள் கேட்டதைவிடப் பெரியது. இப்போது மத்தியானத்தில் மெஷின்கள் நிற்பதில்லை. நல்லூருக்குப் போன குடும்பம் திரும்பி வந்து தறியை ஓட்டுகிறது. கரண்ட் அதன் வழியாக ஊருக்குள்தான் வருகிறது. மேப்பில் மட்டும் அம்புக்குறி வெளியே போவதாகக் காட்டுகிறது என்று கேள்வி. டீக்கடையில் சுப்பண்ணனுக்கு இப்போது முதல் டீ. அவர்தான் முன்னைப்போல உட்கார்ந்து பேசுவதில்லை. வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

போன வாரம் சோமனூரிலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் விசாரித்துக்கொண்டு வந்தார். அவர்கள் ஊரிலும் லோ வோல்டேஜாம், மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை சலித்துவிட்டதாம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரகசியமாகக் கேட்டார்.

"ஏனுங்ணா, என்ன துணீங்க விரிச்சீங்க? நல்ல காட்டனே விரிக்கோணுங்களா?"

சுப்பண்ணன் அவரைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். வேண்டாமுங்க, நெசத்தைச் சொல்லியே கேளுங்க என்று சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். வாய் வரைக்கும் வந்த மாதிரிகூட இருந்தது.

"எதுக்குங்க அத்தனை செலவு?" என்றார். "காதர்பேட்டைக் கடைகள்ல கழிச்சுப் போட்ட ரிஜெக்ட் துணி கெடைக்கும், நீலமாப் பாத்து எடுத்துக்கங்க. ஓட்டை இருந்தாலும் பரவால்லீங்க. மேல இருந்து பாக்கறவங்களுக்கு அது போதும்."